அகாடமிப் பையனை விற்றுவிட்டு 10 கோடிக்கு ஆள் எடுப்பது ஏன்? பிரீமியர் லீக் மேனேஜரின் கணக்கைப் படிக்க ஒரு வழிகாட்டி

ஆறு வயதிலிருந்து ஒரு கால்பந்து கிளப்பின் அகாடமியிலேயே, அதாவது சிறுவர் பயிற்சிப் பள்ளியிலேயே, வளர்ந்த பையனை விற்றுவிட்டார்கள் என்று ஒரு செய்தி வரும். அதே வாரத்தில் வேறு ஒரு வீரரை 8 கோடி, 10 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியதாக இன்னொரு செய்தி வரும். உடனே நம் வாட்ஸ்அப் குழுக்களில் மேனேஜருக்கு அர்ச்சனை தொடங்கிவிடும். நன்றி கெட்டவர், பணத்தைக் கொட்டத்தான் தெரியும், வளர்க்கத் தெரியாது என்று.

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீகான பிரீமியர் லீக்கைப் பார்க்கத் தொடங்கிய புதிதில் இந்தச் செய்திகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விதி ஓரிடத்தில், கணக்கு ஓரிடத்தில், ஒப்பந்தத் தேதி இன்னோரிடத்தில் என்று எல்லாம் சிதறிக் கிடந்தன. தேடித் தேடிச் சேர்த்ததை வரிசையாகக் கீழே தருகிறேன். புதிதாகப் பார்க்க வருபவர்கள் அந்த அலைச்சல் படவேண்டாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அகாடமியில் வளர்ந்த வீரர் களத்தில் எவ்வளவு அருமையானவரோ, கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை விற்பதற்கும் அவ்வளவு வசதியானவர். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான் மேனேஜரின் தலைவலி. இது பிடிபட்டால் பாதிச் செய்தி தானாக விளங்கிவிடும்.

நான் ஆர்சனல் ரசிகன். அதனால் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

1. முடிவு யாருடையது என்று முதலில் பாருங்கள்

'மேனேஜர் விற்றுவிட்டார்' என்று நாம் சொல்கிறோம். ஆனால் இன்று பல கிளப்புகளில் அவர் பதவியின் பெயரே 'ஹெட் கோச்'. வாங்குவது, விற்பது, ஒப்பந்தம் பேசுவது எல்லாம் ஸ்போர்ட்டிங் டைரக்டரின் வேலை. பணத்துக்கு எல்லை போடுவது முதலாளிகள். மிக்கெல் ஆர்டெட்டாவே 2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு ஹெட் கோச்சாகத்தான் வந்தார். 2020 செப்டம்பரில்தான் மேனேஜர் என்று பதவியை மாற்றினார்கள்.

ஆகவே கிளப்பின் தளத்தில் அவருடைய பதவிப் பெயர் என்ன, ஸ்போர்ட்டிங் டைரக்டர் யார் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எந்த கிளப்பாக இருந்தாலும் மேனேஜர் கையில் உறுதியாக இருப்பது ஒன்றுதான்: யாரை எத்தனை நிமிடம் ஆட வைப்பது. அவரை நியாயமாக எடைபோட அந்த நிமிடங்கள்தான் சரியான அளவு. அதற்கு 7-ஆம் படியில் வருகிறேன்.

2. தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

வதந்திகளைப் படித்து மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. வேண்டிய ஆவணங்கள் பெரும்பாலும் பொதுவில் இருக்கின்றன. செலவு ஒரு பைசா இல்லை.

முதலாவது, கிளப்பின் ஆண்டுக் கணக்கு. இங்கிலாந்தில் பதிவான ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கையும் 'கம்பெனீஸ் ஹவுஸ்' என்ற அரசுத் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிரைவேட் நிறுவனங்களுக்கு நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதம் அவகாசம் உண்டு. ஆர்சனல், லிவர்பூல் போன்றவற்றுக்கு நிதியாண்டு மே 31-இல் முடிகிறது. செல்சி, நியூகாசில், எவர்டன் போன்றவற்றுக்கு ஜூன் 30. அதனால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தேடினால் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒரே கிளப்பின் பெயரில் நாலைந்து நிறுவனங்கள் பதிவாகி இருக்கும். நமக்கு வேண்டியது எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக் காட்டும் தாய் நிறுவனத்தின் கணக்கு. ஆர்சனலுக்கு 'ஆர்சனல் ஹோல்டிங்ஸ்', செல்சிக்கு 'செல்சி எஃப்சி ஹோல்டிங்ஸ்' என்ற பெயரில் தேடுங்கள்.

கணக்கு நூறு பக்கம் இருந்தாலும் பயப்பட வேண்டாம். நாலு இடம் போதும்: வீரர்களை விற்றதில் வந்த லாபம், வீரர்களுக்காகக் கொடுத்த விலையில் அந்த ஆண்டுக்கு எழுதிய செலவு, சம்பளச் செலவு, அப்புறம் கடைசிப் பக்கங்களில் 'நிதியாண்டு முடிந்த பிறகு நடந்தவை' என்ற குறிப்பு. இந்தக் கடைசிக் குறிப்பைப் பலரும் படிப்பதில்லை. ஆனால் கோடையில் வாங்கியதும் விற்றதும் மொத்தமாக எவ்வளவு என்று கிளப்பே தன் வாயால் சொல்லும் இடம் அதுதான்.

இரண்டாவது, பிரீமியர் லீக் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர் விண்டோ (வீரர்களை வாங்கி விற்க அனுமதியுள்ள காலம்) முடிந்ததும் வெளியிடும் 25 பேர் பட்டியல். மூன்றாவது, இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏஜென்ட் கட்டண விவரம். எந்த கிளப் ஏஜென்ட்டுகளுக்கு எவ்வளவு கொடுத்தது என்று அதில் இருக்கும். நான்காவது, வீரர் ஒப்பந்தம் போட்டபோது கிளப் வெளியிட்ட அறிவிப்பு. எந்த ஆண்டு வரை என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சில கிளப்புகள் 'நீண்ட கால ஒப்பந்தம்' என்று மட்டும் போடும். அப்போது நம்பகமான நிருபர்கள் எழுதுவதைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

3. ஒரே ஒரு வகுத்தல் போடுங்கள்

இதுதான் முக்கியமான படி. பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு வீரரை வாங்கினால், கொடுத்த விலையை ஒப்பந்த ஆண்டுகளால் வகுத்து, ஆண்டுக்கு ஒரு பங்காகக் கணக்கில் செலவு எழுதுவார்கள். 2023 ஜூலையில் டெக்லன் ரைஸை வெஸ்ட் ஹாமிடமிருந்து ஆர்சனல் 10 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இன்னும் 50 லட்சம், நிபந்தனைகள் நிறைவேறினால் தர வேண்டியது. ஒப்பந்தம் 5 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2 கோடி. முதல் ஆண்டின் கணக்கில் 10 கோடி மொத்தமாக இறங்காது, 2 கோடிதான் இறங்கும். இரண்டு ஆண்டு கழித்து அவருடைய புத்தக மதிப்பு, அதாவது இன்னும் செலவு எழுதாமல் மிச்சமிருக்கும் விலை, 6 கோடி. அன்று அவரை 7 கோடிக்கு விற்றால் கணக்கில் லாபம் 1 கோடி மட்டுமே.

இப்போது அதே விற்பனையை வெஸ்ட் ஹாம் பக்கம் இருந்து பாருங்கள். ரைஸ் பதினான்கு வயதில் செல்சி அகாடமி வேண்டாமென்று விட்டபின் வெஸ்ட் ஹாம் அகாடமியில் வளர்ந்தவர். விலை கொடுத்து வாங்கிய வீரர் இல்லை. எனவே புத்தக மதிப்பு பூஜ்யம். வந்த 10 கோடியும் அந்த ஆண்டிலேயே லாபம்.

அகாடமி வீரர்கள் ஏன் முதலில் விலைபோகிறார்கள் என்பதற்கு விடை இந்த ஒரு கணக்கில் இருக்கிறது. ஆறு வயதில் செல்சிக்கு வந்த மேசன் மவுன்ட் 2023-இல் 5.5 கோடிக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனார். மான்செஸ்டர் சிட்டியில் சிறுவனாகச் சேர்ந்த கோல் பாமர் அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் 4 கோடிக்குச் செல்சி போனார். இரண்டும் விற்ற கிளப்புக்கு ஏறக்குறைய முழு லாபம்.

இதை இன்னும் கூர்மையாக்குவது லீக்கின் நிதி விதி. 2025-26 பருவம் வரைக்கும், மூன்று ஆண்டுகளில் ஒரு கிளப் 10.5 கோடி பவுண்டு வரைதான் நட்டம் காட்டலாம் என்பது அந்த விதி. அகாடமிக்குச் செய்யும் செலவை இந்த நட்டத்திலிருந்து கழித்துவிடலாம். அதாவது வளர்த்த செலவு கணக்கில் வராது, விற்ற லாபம் மட்டும் முழுதாக வரும். வளர்ப்பதை ஊக்குவிக்க எழுதிய விதி, வளர்த்தவரை விற்கவும் தூண்டுகிறது. இது எனக்கு இன்றுவரை வருத்தம் தரும் விஷயம்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறிகள் மூன்று.

'10 கோடியை அள்ளிக் கொடுத்துவிட்டார்கள்' என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான டிரான்ஸ்ஃபர்கள் தவணையில்தான் நடக்கின்றன. கையிலிருந்து போகும் பணம் ஒரு கணக்கு, புத்தகத்தில் எழுதும் செலவு வேறு கணக்கு. இரண்டையும் கலந்தால் ஒன்றும் புரியாது.

செய்தியில் வரும் பெரிய எண்ணில் போனஸ் தொகையும் சேர்ந்திருக்கும். கோப்பை வென்றால், இத்தனை ஆட்டம் ஆடினால் என்று நிபந்தனை இருக்கும். உறுதியான தொகை எது, நிபந்தனைத் தொகை எது என்று பிரித்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தத்தின் நீளம். 2023 ஜனவரியில் என்ஸோ ஃபெர்னாண்டஸை 10.68 கோடிக்குச் செல்சி வாங்கியபோது ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. ஆண்டுக்குச் சுமார் 1.26 கோடிதான் செலவு விழும். ஐந்தாண்டாக வகுத்திருந்தால் 2.14 கோடி ஆகியிருக்கும். இதைப் பார்த்து முதலில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவும், 2023 டிசம்பரில் பிரீமியர் லீக்கும் ஐந்தாண்டுக்கு மேல் வகுக்கக்கூடாது என்று விதி போட்டன. இப்போதும் எட்டாண்டு ஒப்பந்தம் போடலாம், கணக்கில் வகுப்பது மட்டும் ஐந்தால்தான். பழைய ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது.

4. ஜூன் 30-ஐ வட்டமிட்டு வையுங்கள்

கோடை விண்டோ திறந்த உடனேயே, யாரும் எதிர்பாராத சின்னப் பையன்கள் ஏன் கை மாறுகிறார்கள்? பல கிளப்புகளுக்கு நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதற்குள் லாபம் காட்டினால்தான் அந்த ஆண்டுக் கணக்கில் சேரும்.

2024 ஜூன் கடைசியைப் பாருங்கள். எட்டு வயதில் நியூகாசிலில் சேர்ந்த எலியட் ஆண்டர்சன் சுமார் 3.5 கோடிக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் போனார். எதிர்ப்பக்கமிருந்து கோல்கீப்பர் விளாகோடிமோஸ் சுமார் 2 கோடிக்கு நியூகாசில் வந்தார். ஒரு தாளை எடுத்துக் கணக்கைப் போடுங்கள். ஆண்டர்சனின் 3.5 கோடி முழுதும் நியூகாசிலுக்கு அந்த ஆண்டு லாபம். விளாகோடிமோஸின் 2 கோடியை, நான்கு ஆண்டு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 50 லட்சமாக எழுதிக்கொள்ளலாம். கையில் வித்தியாசம் 1.5 கோடிதான். புத்தகத்திலோ அந்த ஆண்டு 3.5 கோடி ஏறிவிடுகிறது. மேனேஜர் எடி ஹவுக்கு ஆண்டர்சனைப் பிடிக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஆண்டர்சன் 2025 செப்டம்பரில் இங்கிலாந்து தேசிய அணிக்கே ஆடிவிட்டார்.

அதே வாரங்களில் செல்சியின் இயன் மாட்சன் ஆஸ்டன் வில்லாவுக்கும், வில்லாவின் ஓமரி கெல்லிமன் செல்சிக்கும் போனார்கள். இரண்டு பேருமே புத்தகத்தில் மிகக் குறைந்த மதிப்பில் இருந்தவர்கள். இரண்டு கிளப்புக்கும் லாபம்.

சரி, ஜூன் 30-ஐத் தவறவிட்டால் என்ன ஆகும்? ஃபாரஸ்டுக்கு நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பிரெனன் ஜான்சன் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். எட்டு வயதில் கிளப்பில் சேர்ந்தவர். அவர் அப்பா டேவிட் ஜான்சனும் ஃபாரஸ்டுக்கு ஆடியவர். 2023 கோடையில் அவரைக் கேட்டு ஆள் வந்தது. இன்னும் பொறுத்தால் நல்ல விலை வரும் என்று கிளப் காத்திருந்தது. செப்டம்பர் 1-இல், விண்டோவின் கடைசி நாளில், சுமார் 4.75 கோடிக்கு டாட்டன்ஹாமுக்கு விற்றது.

ஃபாரஸ்ட் அப்போதுதான் மேலே வந்த கிளப். மூன்று ஆண்டுகளில் இரண்டு கீழ் டிவிஷனில் கழிந்ததால் அனுமதிக்கப்பட்ட நட்டம் 6.1 கோடிதான். அதை 3.45 கோடி தாண்டிவிட்டார்கள். ஜான்சனின் பணம் இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் தாண்டியிருக்க மாட்டார்கள். காத்திருந்ததால்தான் கூடுதல் விலை கிடைத்தது, அது நல்ல நிர்வாகம்தானே என்று வாதாடினார்கள். விசாரணைக் குழு ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் 4 புள்ளிகள் பறிபோயின. மேல்முறையீடும் தோற்றது. கடைசியில் 17-ஆம் இடம் பிடித்து, கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பிப் பிழைத்தார்கள். அதே பருவத்தில் எவர்டனுக்கு 10 புள்ளி கழித்து, பின் 6-ஆகக் குறைத்து, வேறொரு வழக்கில் இன்னும் 2 கழித்தார்கள்.

ஆக, ஊர்ப்பையனை அவசரமாக விற்றாலும் திட்டு விழும், பொறுத்து விற்றாலும் புள்ளி போகும். நீங்கள் செய்ய வேண்டியது: விற்பனைச் செய்தி வந்ததும் தேதியைப் பாருங்கள். ஜூன் 20-லிருந்து 30-க்குள் என்றால் பெரும்பாலும் அது கணக்கரின் முடிவு. ஆகஸ்ட் கடைசி என்றால் மேனேஜரின் திட்டத்தில் அவருக்கு இடமில்லை என்று நினைக்க இடமுண்டு.

ஒரு எச்சரிக்கை. இந்த மூன்றாண்டு நட்டக் கணக்குக்குப் பதிலாக, 2026-27 பருவத்திலிருந்து வேறு முறையைக் கொண்டுவர பிரீமியர் லீக் கிளப்புகள் 2025 நவம்பரில் வாக்களித்தன. வீரர் செலவு, அதாவது சம்பளம், ஆண்டுச் செலவுப் பங்கு, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்த்து, வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்புகளுக்கு யூஇஎஃப்ஏ போடும் வரம்பு 70. விற்ற லாபம் வருமானப் பக்கத்தில் சேர்வதால், அகாடமி வீரரை விற்கும் ஆசை இதனால் ஒழிந்துவிடாது.

5. ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பாருங்கள்

விசுவாசம் என்று நாம் பேசுவதில் பாதி இந்தத் தேதியில் இருக்கிறது.

இங்கிலாந்தில் அகாடமிப் பையனின் பாதை ஏறக்குறைய இப்படி: 16 வயதில் ஸ்காலர்ஷிப் எனப்படும் பயிற்சி ஒப்பந்தம், 17 ஆனதும் முதல் தொழில்முறை ஒப்பந்தம். 18-க்குக் கீழே உள்ளவருக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதனால் 19, 20 வயதில், முதல் அணியில் இரண்டு மூன்று நல்ல ஆட்டம் ஆடிய கையோடு, புது ஒப்பந்தப் பேச்சு வந்துவிடும். மேனேஜர் அவரை நம்புகிறாரா இல்லையா என்று சொல்லவேண்டிய நேரம் அதுதான்.

அதன்பின் நீங்கள் குறிக்க வேண்டிய தேதி, ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டு இருக்கும் கோடை. என் கணிப்பில் உண்மையான முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. புதுப்பி, அல்லது விற்றுவிடு. ஓராண்டுதான் மிச்சம் என்றால் விலை இறங்கிவிடும், மவுன்ட்டை விற்றபோது இருந்த நிலை அதுதான். கடைசி ஆறு மாதம், அதாவது ஜனவரி 1 வந்துவிட்டால், வெளிநாட்டு கிளப்புகளோடு வீரரே நேரடியாகப் பேசி முன்ஒப்பந்தம் போடலாம்.

ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-அர்னால்டு ஆறு வயதில் லிவர்பூலுக்கு வந்தவர், ஊர்க்காரர், எல்லாக் கோப்பையும் வென்றவர். அவருடைய ஒப்பந்தம் 2025 ஜூன் 30 வரை ஓடிவிட்டது. ரியல் மாட்ரிட் போனார். கிளப் உலகக் கோப்பைக்காக ஒரு மாதம் முன்பே விடச்சொல்லி ரியல் கொடுத்த சுமார் 1 கோடி யூரோதான் லிவர்பூலுக்குக் கிடைத்தது. சந்தையில் பல மடங்கு போகக்கூடிய வீரர். இப்படி ஒன்று நடந்தபின், அடுத்த அகாடமி வீரருக்கு இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும்போதே கிளப் விற்கப் பார்த்தால், அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு விதிவிலக்கு. 24 வயதுக்குள் இருப்பவர் ஒப்பந்தம் முடிந்து இன்னொரு இங்கிலாந்து கிளப்புக்குப் போனால், அவரை இழக்கும் கிளப்புக்கு ஈட்டுத்தொகை உண்டு. இரண்டு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு குழு தொகையைத் தீர்மானிக்கும். 2015-இல் பர்ன்லியிலிருந்து லிவர்பூல் போன டேனி இங்ஸுக்கு இப்படித்தான் 65 லட்சம் பவுண்டும், கூடவே நிபந்தனைத் தொகைகளும் விதித்தார்கள். வெளிநாடு போனால் இந்தக் குழுவுக்கு வேலையில்லை.

வளர்த்தவர்களைத் தக்கவைக்க வேறு வழியும் உண்டு என்று காட்டுவது ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோ. பாஸ்க் மண்ணில் பிறந்தவரோ அங்கே வளர்ந்தவரோதான் ஆடலாம் என்பது அவர்கள் வழக்கம். அதனால் வெளியிலிருந்து வாங்க அவர்களுக்கு ஆள் கிடைப்பது அரிது, இருப்பவரை விட மனம் வராது. 2025 ஜூலையில் நிகோ வில்லியம்ஸோடு 2035 வரை ஒப்பந்தம் போட்டு, விடுவிப்புத் தொகையையும் (வேறு கிளப் அதைக் கட்டினால் வீரரை விட்டாக வேண்டிய தொகை) ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். எல்லாக் கிளப்பாலும் இது முடியாது. ஆனால் கேட்டுப்பார்க்க வேண்டிய கேள்வி: நம் கிளப் தன் பையனுக்கு எத்தனை ஆண்டு கொடுக்கத் தயார்?

6. 25 பேர் பட்டியலை வைத்துச் சரிபாருங்கள்

பிரீமியர் லீக்கில் பதிவு செய்ய அதிகபட்சம் 25 பேர். அதில் 'ஹோம்க்ரோன்' அல்லாதவர் 17-க்கு மேல் இருக்கக்கூடாது. 21 வயதுக்குட்பட்டவர்களைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம், எத்தனை பேரையும் ஆட வைக்கலாம். 2025-26 பருவத்துக்கு இந்தச் சலுகை 2004 ஜனவரி 1-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு.

ஹோம்க்ரோன் என்றால் ஆங்கிலேயர் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. 21 வயதுக்குள் மூன்று பருவம் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் பதிவாகி இருந்தால் போதும். ஸ்பெயினின் ஃபாப்ரிகாஸ் 16 வயதில் ஆர்சனல் வந்ததால், 2014-இல் செல்சி அவரை எடுத்தபோது ஹோம்க்ரோன் கணக்கில் சேர்ந்தார்.

ஐரோப்பியப் போட்டிகளுக்கு விதி இன்னும் இறுக்கம். 25-இல் 8 இடம் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு. அதிலும் 4 இடம் அதே கிளப்பில் பயிற்சி பெற்றவர்களுக்கு. ஆள் இல்லையென்றால் இடம் காலியாகக் கிடக்கும், வேறு யாரையும் போட முடியாது. அகாடமி வீரரை விற்கும்போது, லாபத்தோடு இப்படி ஓர் இடமும் கைவிட்டுப் போகிறது. செய்திகள் இதைச் சொல்வதில்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள்.

7. நிமிடங்களை எண்ணுங்கள்

'இத்தனை இளைஞர்களை அறிமுகப்படுத்தினார்' என்ற புள்ளிவிவரத்தை நம்பாதீர்கள். மூன்று கோல் முன்னிலையில் 89-ஆவது நிமிடத்தில் இறக்கிவிடுவதும் அறிமுகம்தான். பார்க்க வேண்டியவை இரண்டு. முதல் விருப்ப வீரர் காயம்பட்டால் அந்த இடத்தில் யார் ஆடுகிறார்? அடுத்த விண்டோவில் அதே இடத்துக்கு ஆள் வாங்கினார்களா?

மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி அகாடமியில் நடுக்கள வீரர். 2024-25இல் ஆர்சனலின் இடது பின்களத்தில் வரிசையாகக் காயங்கள். ஆர்டெட்டா வெளியே தேடாமல் 18 வயதுப் பையனை அங்கே நிறுத்தினார். 2025 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான இரண்டு ஆட்டத்திலும் அவர்தான் அந்த இடத்தில் தொடங்கினார். லண்டனில் 3-0. அதில் இரண்டு, 10 கோடி கொடுத்து வாங்கிய ரைஸ் நேரடி ஃப்ரீ கிக்கில் அடித்தவை. மாட்ரிட்டில் 2-1. முதல் கோல், ஏழு வயதில் அகாடமிக்கு வந்த புகாயோ சாகாவுடையது. வாங்கியவரும் வளர்ந்தவர்களும் ஒரே அணியில் இப்படிப் பொருந்தினால் அந்த மேனேஜர் தன் வேலையைச் செய்திருக்கிறார் என்று நான் சொல்வேன்.

ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அதே ஜூனில் லூயிஸ்-ஸ்கெல்லிக்குப் புது ஒப்பந்தம் கிடைத்தது. செப்டம்பர் 1-இல் லெவர்குசெனிலிருந்து ஹின்காப்பியேவும் வந்தார். அவரும் இடது பக்கம் ஆடுபவர். அடுத்த பருவத்தில் பையனின் நிமிடங்கள் குறைந்தன. புது ஒப்பந்தம் போட்ட செய்தியை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது.

வேண்டாமென்று விட்டதன் விலையையும் பாருங்கள். எபெரெச்சி எஸே 13 வயதில் ஆர்சனல் அகாடமி விடுவித்த பையன். 2025 ஆகஸ்டில் கிரிஸ்டல் பேலஸிடமிருந்து அவரைத் திரும்ப வாங்க உறுதித் தொகையே சுமார் 6 கோடி ஆனது.

8. லோன் என்றால் நல்லதா கெட்டதா?

லோன் என்பது வீரரைத் தற்காலிகமாக வேறு கிளப்புக்கு ஆட அனுப்புவது. போன இடத்தில் ஆடுகிறாரா என்பதே கேள்வி. வில்லியம் சலிபாவை 2019-இல் வாங்கி, செயின்ட் எட்டியென், நீஸ், மார்செய் என்று மூன்று முறை லோனில் அனுப்பினார்கள். ஆர்சனல் சட்டையில் முதல் லீக் ஆட்டம் 2022 ஆகஸ்டில்தான். மார்செயில் முழுப் பருவம் ஆடியதுதான் அவரை ஆளாக்கியது. உட்கார வைக்கும் கிளப்புக்கு அனுப்பினால் ஓராண்டு வீண். சர்வதேச லோனில் உள்ளே ஆறு பேர், வெளியே ஆறு பேர் என்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா வரம்பு போட்டிருந்தாலும், 21 வயது வரை உள்ளவர்களுக்கும் கிளப்பிலேயே பயிற்சி பெற்றவர்களுக்கும் விலக்கு உண்டு.

9. ஒரு கோடையை முழுதாகப் படித்துப் பாருங்கள்

ஆர்சனலின் 2024 கோடையை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்டில் எமில் ஸ்மித் ரோ ஃபுல்ஹாமுக்கு, போனஸ் போகச் சுமார் 2.7 கோடி. எடி என்கெட்டியா பேலஸுக்கு, போனஸ் போகச் சுமார் 2.5 கோடி. இருவரும் அகாடமி. எனக்கு ஸ்மித் ரோவைப் பிரிந்தது இன்றும் மனசு ஆறாத விஷயம். ஆனால் மேலே சொன்ன படிகளைப் போட்டுப் பாருங்கள்.

தேதி ஆகஸ்ட்; ஆர்சனலின் நிதியாண்டு மே 31-இலேயே முடிந்துவிட்டது. எனவே ஜூன் நெருக்கடி இல்லை. ஸ்மித் ரோவின் ஒப்பந்தம் 2026 வரை, சரியாக இரண்டு ஆண்டு மிச்சம். முந்தைய பருவத்தில் லீகில் அவர் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புத்தக மதிப்பு பூஜ்யம், வந்தது முழு லாபம். அதே கோடையில் வந்தவர்கள் கலாஃபியோரியும் மெரினோவும். ஐந்தால் வகுத்தால் இருவருக்கும் சேர்த்து ஆண்டுச் செலவு, இந்த ஒரு விற்பனையின் லாபத்தைவிடக் குறைவு. சாகாவோ 2023 மே மாதத்திலேயே 2027 வரை கையெழுத்திட்டிருந்தார். விற்கும் பேச்சே எழவில்லை. யாரை வைத்துக்கொள்வது என்பதை நிமிடங்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டன. விற்றது அதன் பின்விளைவு.

உங்கள் கிளப்புக்கும் இதே வரிசையில் தேதி, மிச்ச ஆண்டு, நிமிடம், புத்தக மதிப்பு, வந்தவரின் ஆண்டுச் செலவு என்று ஐந்து கட்டம் போட்டு நிரப்புங்கள். ஒரு வீரருக்கு அரைமணி நேரம் ஆகும்.

10. எந்த மாதம் எதைப் பார்ப்பது

ஜனவரி 1: ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள்.

பிப்ரவரி, மார்ச்: ஆண்டுக் கணக்குகள் வரும். 2-ஆம் படியில் சொன்ன நாலு இடத்தையும் பார்த்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் வாக்கில் ஏஜென்ட் கட்டண விவரம் வரும்.

மே இறுதி, ஜூன்: இரண்டு ஆண்டு மிச்சமிருக்கும் அகாடமி வீரர்களின் பட்டியலை எடுத்து வையுங்கள். ஜூன் 20-க்கு மேல் வரும் விற்பனைகளின் தேதியைக் கவனியுங்கள்.

ஆகஸ்ட் இறுதி, செப்டம்பர் 1: விண்டோ மூடும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025-இல் பிரிட்டிஷ் நேரம் இரவு 7 மணி, நமக்கு இரவு 11.30. தூக்கம் கெடுத்து உட்கார வேண்டாம், கடைசி நிமிட ஒப்பந்தங்களுக்குத் தாள் அனுப்பக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கொடுப்பார்கள் என்பதால் உறுதிச் செய்தி காலையில்தான் முழுதாக வரும்.

செப்டம்பர்: 25 பேர் பட்டியல் வெளியானதும் இறக்கிக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு முதல் முறையாக 21 வயது வரம்பைத் தாண்டி, பட்டியலில் இடம் தேவைப்படும் அகாடமி வீரர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். அவருக்கு இடம் கொடுத்தார்களா, விட்டுவிட்டார்களா என்பது அடுத்த ஜனவரியில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும்.